நாற்பத்தொரு மீட்டர் கிழக்கே

என் வீடு ஆற்றுக்குள் இருக்கிறது என்று நில அளவைத் துறை கடிதம் அனுப்பியபோது, நான் அந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். கால் நனையவில்லை. இருந்தாலும் ஒரு தடவை குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். முத்திரை குத்திய காகிதத்துக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி.

கடிதம் நல்ல தாளில் இருந்தது. "நவீன அளவீட்டின்படி தங்கள் குடியிருப்பு கரையிலிருந்து பதினேழு மீட்டர் உள்ளே, ஆற்றின் நீர்ப்பகுதியில் அமைந்துள்ளது. இக்கடிதம் கண்ட முப்பது நாட்களுக்குள் தாங்கள் ஆற்றை விட்டு வெளியேற வேண்டும். தவறினால் குடியிருப்பு இடித்து அகற்றப்படும்." கீழே இயக்குநரின் கையெழுத்து, புழு நெளிந்த மாதிரி.

எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போக நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வீடு. பதினாறு வருடம் பள்ளிக்கூடச் சீருடையாகத் தைத்துத் தள்ளி, அறை அறையாகக் கட்டியது. இதை விட்டால் எங்களுக்கு வேறு கூரை கிடையாது.

என் கணவர் வேன் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், ஆனால் அச்சில் வந்ததையெல்லாம் நம்பிவிடுவார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஆத்துக்குள்ள இருக்கோம்னு எழுதியிருக்காங்களே."

"தண்ணி எங்கங்க இருக்கு?"

"நம்ம கண்ணுக்குத் தெரியலை. அவங்ககிட்ட மெஷின் இருக்கு," என்று சொல்லிவிட்டு, மாவு மூட்டையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்தால் தையல் நேராக ஓடும். அன்று தைத்த பன்னிரண்டு சட்டைகளிலும் ஒரு கோணல் இல்லை. மறுநாள் காலை கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு துறை அலுவலகத்துக்குக் கிளம்பினேன்.

அங்கே சர்வேயர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். சில வாரங்களுக்கு முன்னால் ஒரு நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த அதே ஆள். வெயில் தாங்காமல் என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தவர்.

"அன்னிக்குத் தண்ணி கேட்டீங்களே சார். ஆத்துக்குள்ள நின்னுக்கிட்டா கேட்டீங்க?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். அதில் ஆறு, சாலை, வயல் வரப்பு எல்லாம் கோடு கோடாகத் தெரிந்தன. "இது பின்னணி வரைபடம்மா. இதைக் கையில இருக்கற கருவிலயும் ஏத்தி வச்சிருப்போம். நான் கம்பை ஊனுற இடமெல்லாம் இது மேல சிவப்புப் புள்ளியா விழும். உங்க வீட்டோட நாலு மூலையும் எங்க விழுந்திருக்கு, நீங்களே பாருங்க."

நான்கு சிவப்புப் புள்ளிகளும் நட்டாற்றில் மிதந்துகொண்டிருந்தன.

"தப்பா இருக்கலாம் இல்லையா சார்?"

"இந்த மெஷின்ல தப்பு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல போகாது. நீங்க பதினேழு மீட்டர் உள்ள இருக்கீங்க. ரெண்டு சென்டிமீட்டர் முன்னப் பின்ன இருக்கலாம்."

"கீழ ஆத்துக்குப் போக நூத்திப் பன்னண்டு படி இறங்கணும் சார்."

"படம் மேல இருந்து பாக்கறதும்மா. மேல இருந்து பாக்கறவங்களுக்குப் படி தெரியாது." துறையின் பெருமையாகத்தான் அதைச் சொன்னார். பிறகு ஒரு மறு அளவீட்டு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். அளவு தரும் ரேடியோ அலை யார் யார் கையைக் கடந்து வருகிறதோ, அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். சர்வேயர் ஒன்று, மலைமேல் அந்த அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையப் பொறுப்பாளர் ஒன்று, இயக்குநர் ஒன்று.

வெளியே நடைபாதையில் பெஞ்சு முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு கடிதம். பேக்கரிக்காரரின் அடுப்பு பள்ளி மைதானத்தின் நடுவில் எரிகிறதாம். ஓய்வு பெற்ற தபால்காரரின் குளியலறை நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டதாம். போக்குவரத்து அனுமதி இல்லாமல் குளிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். பாவம், மனிதர் மூன்று நாளாகக் குளிக்கவில்லை, பக்கத்தில் உட்கார முடியவில்லை.

என்னுடையதோடு சேர்த்து எட்டுக் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துணி வெட்டுவதற்கு முன்னால் நாங்கள் காகிதத்தில் அளவு வெட்டித் துணிமேல் வைப்போம். அதேபோல கடிதங்களில் சொன்னபடி எட்டு வீட்டுப் புள்ளிகளையும் மெல்லிய காகிதத்தில் குறித்து, பழைய ஊர் வரைபடத்தின்மேல் வைத்தேன். எல்லாம் தாறுமாறாக இருந்தது. காகிதத்தை மெல்ல மேற்கே தள்ளினேன். பேக்கரி பேக்கரியில் போய் உட்கார்ந்தது, குளியலறை குளியலறையில், என் வீடு என் சரிவில். எட்டும் ஒரே நேரத்தில். தள்ளிய தூரம் நாற்பத்தொரு மீட்டர்.

தைக்கிறவளுக்கு இது புரிய ஐந்து நிமிடம் போதும். காகிதம் நழுவிவிட்டது, அவ்வளவுதான். எங்கே நழுவியது என்பதுதான் கேள்வி.

இயக்குநரிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவர் குளிரூட்டிய அறையில், தன் தலைக்குமேல் தன் படத்தையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காகிதத்தைத் தள்ளிக் காட்டினேன்.

"எல்லாமே ஒரே அளவு, ஒரே திசை?"

"ஆமா சார்."

"இதை நீங்களா கண்டுபிடிச்சீங்க?"

"ஆமா சார்."

"அப்போ துறை கண்டுபிடிச்சதா எடுத்துக்கலாம்," என்றவர், உடனே மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். குழு ஒரு வாரம் கூடியது. அறைக் கதவைத்தான் விடுங்கள், ஜன்னலைக்கூட அவர்கள் திறக்கவில்லை என்று சர்வேயர் சொன்னார். பன்னிரண்டாவது நாள் அறிவிப்புப் பலகையில் அறிக்கை வந்தது. "இப்பகுதி நிலம் முழுவதும் நாற்பத்தொரு மீட்டர் கிழக்கே நகர்ந்துள்ளது. துறையின் அலுவலகம் மட்டும் தன் இடத்திலேயே உறுதியாக நிற்கிறது. இது நிர்வாகத்தின் உறுதியைக் காட்டுகிறது."

அத்தோடு விடவில்லை. முன் அனுமதி பெறாமல் ஏன் நகர்ந்தாய் என்று நிலத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் தயாரித்தார்கள். எங்கே அனுப்புவது என்று இரண்டு நாள் குழம்பி, கடைசியில் மலைமேல் துறைக்கு இருக்கும் ஒரே அலுவலகமான ரிப்பீட்டர் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். எனக்கும் அங்கே ஒரு கையெழுத்து பாக்கி. பதினைந்தாவது நாள் காலை ஏறினேன்.

மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தால், மொட்டைப் பாறை. ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு பெட்டி, ஒரு நீண்ட ஆன்டெனா, ஒரு பேட்டரி, பெரிய குடை ஒன்று. குடைக்குக் கீழே மேசை போட்டு ஒருவர். சுவர் கிடையாது, கதவு கிடையாது. ஆனால் "அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது" என்று பலகை நட்டிருந்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் பார்வையாளர் பெஞ்சு.

"ரிப்பீட்டர் சார் இருக்காரா?"

"நான்தான். உக்காருங்க. பத்து மணிக்குத்தான் பாப்பேன்."

மணி ஒன்பது ஐம்பது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் எனக்கு இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து அடித்ததும் மேசையிலிருந்த மணியைத் தட்டி, "வரச் சொல்லு," என்றார். அங்கே வேறு யாரும் இல்லாததால் நானே என்னை வரச் சொல்லிக்கொண்டு போனேன்.

ஆளைப் பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். "ஆபீஸ் முற்றத்துல ஒரு பித்தளைக் குமிழ் பதிச்சிருக்கு. அது உலகத்துல சரியா எந்த இடம்னு அளந்து வச்சிருக்காங்க. அது மேல முக்காலி போட்டு ஒரு கருவி நிக்கும், பேஸ்னு சொல்லுவோம். தான் நிக்கற இடம் அதுக்குத் தெரியும். அதனால வானத்துல இருந்து வர்ற கணக்குல எவ்வளவு பிசகுன்னு கண்டுபிடிச்சு ரேடியோல சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க பள்ளத்தாக்குக்கு அது கேக்காது, மலை மறைக்கும். நான் இங்க வாங்கி அங்க அனுப்பறேன்."

"சரியா அனுப்பறீங்களா சார்?"

"வந்தது வந்தபடி அனுப்பறேன்."

"வந்ததே தப்பா இருந்தா?"

"தப்பையும் சரியா அனுப்புவேன்," என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்மா. மேல இருந்து வந்ததுல ஒரு எழுத்து கூட்டினதில்லை, ஒரு எழுத்து குறைச்சதில்லை. நேத்து நிலத்துக்கு ஒரு கடிதாசி வந்துச்சு. பள்ளத்தாக்கைப் பாத்து நின்னு சத்தமாப் படிச்சு அனுப்பிட்டேன்."

"பதில் வந்ததா?"

"எதிரொலி வந்துச்சு. அதையும் ஆபீஸுக்கு அனுப்பிட்டேன்."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் மேசையில் ஒரு பைனாகுலர் இருந்தது. எடுத்துக் கீழே பார்த்தேன். ரிப்பீட்டர் நிற்கிற இடத்திலிருந்து அலுவலகம் நேராகத் தெரிய வேண்டும் என்பது விதியாம், அதனால் முற்றம் கையில் எடுத்த மாதிரித் தெரிந்தது. கேன்டீன் சுவரோரம் நிழலில் ஒரு முக்காலி. அலுவலகப் படிக்கட்டுக்கு முன்னால் நீளமாக ஒரு கறுப்புக் கார்.

"குமிழ் எந்த இடத்துல சார்?"

"படிக்கட்டுக்கு நேர் முன்னாடி."

"அங்க கார் நிக்குதே. உங்க முக்காலி கேன்டீன்கிட்ட நிக்குது."

அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அதை உறையில் போட்டு மூடினார். "எனக்கு ரேடியோல வர்றதுதான் கணக்கும்மா. கண்ணுல தெரியறது கணக்குல வராது."

நான் இறங்கிய வேகத்தில் செருப்பு அறுந்தது. நேராக முற்றத்துக்குப் போய், காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க் கறைக்கு நடுவில் பித்தளை மினுங்கியது. பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். ஒன்றரை மீட்டர் டேப். இருபத்தேழு தடவை நீட்டி, மேலே அரை மீட்டர். கேன்டீன் சுவரோர முக்காலிக்குச் சரியாக நாற்பத்தொரு மீட்டர், மேற்கே.

இவ்வளவுதான் விஷயம். கருவி மேற்கே போய் நின்றுகொண்டு, நான் குமிழ்மேல்தான் நிற்கிறேன் என்று சத்தியம் செய்கிறது. மலைமேல் ஒருவர் அந்தப் பொய்யை ஒரு எழுத்துப் பிசகாமல் அனுப்புகிறார். சர்வேயர் அதை இரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் வாங்கிக்கொள்கிறார். ஊர் கிழக்கே போய் ஆற்றில் விழுகிறது.

காவலாளி பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய சீருடைக்கு நான்தான் பொத்தான் தைத்துக் கொடுப்பேன்.

"தெரியும்மா. புது டைரக்டர் வந்த அன்னிக்கே காரை அங்க விட்டாங்க. அவர் வெயில்ல நாலு எட்டு நடக்கக் கூடாதாம். முக்காலியை ஓரமா வைன்னாங்க, வச்சேன். என் வேலை ஆர்டர்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? குமிழைக் காவல் காக்கணும்னு. நான் காருக்குக் காவல் இருக்கேன்."

சர்வேயரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். "எங்க எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா எழுத முடியாது. எழுதினா காரணம் எழுதணும். காரணம் அவரோட கார். அவர் வண்டியைப் பத்தின கோப்புல அவரேதான் கையெழுத்துப் போடணும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, படிச்சுக்கிட்டு இருக்காங்க."

அவரைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. பயந்த மனிதனின் சட்டைக் காலர் எப்படித் தேய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காரை நகர்த்தச் சொன்னால் நகர்த்த மாட்டார்கள். ஆனால் காருக்குள் இருக்கிறவரை நகர்த்தினால் கார் தானாகக் கூட வரும். அன்றே ஊர் சார்பில் ஒரு கடிதம் எழுதினேன். நிலம் நகர்ந்ததைக் கண்டுபிடித்த இயக்குநருக்கு ஊர்மக்கள் ஒரு கோட் தைத்துப் போர்த்த விரும்புகிறார்கள். அளவு சரிபார்க்க அவர் என் வீட்டுக்கு வர வேண்டும். அப்படியே மறு அளவீட்டையும் தம் கையால் தொடங்கிவைக்க வேண்டும்.

பதில் அன்று மாலையே வந்தது. இருபத்தெட்டாம் நாள் வருகிறாராம். இடிக்கப்போகும் இடத்தையும் அன்றே பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தார்.

கணவரிடம் திட்டத்தைச் சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. "அரசாங்கத்தையே ஏமாத்தறதா?" என்று கேட்டார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மடித்த கால்சட்டையோடு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார், தண்ணீரில் நடக்கிறவரைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து. எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கோட்டைத் தைத்தேன். கண்ணால் பார்த்த அளவு போதும் எனக்கு. கழுத்தை நாலு இஞ்ச் கிழக்கே தள்ளி வெட்டலாமா என்று கை துறுதுறுத்தது. தொழில் தர்மம் விடவில்லை, ஒழுங்காகவே தைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை அந்தக் கறுப்புக் கார் முற்றத்தை விட்டுக் கிளம்பியது. காவலாளியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். இருபது வருடமாக அந்த முக்காலியைத் தினமும் எடுத்து வைக்கிறவர் அவர். தூக்குக்குண்டு குமிழுக்கு நேராகத் தொங்குகிறதா என்று பார்த்து வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் மலைப்பாதையில் எங்கள் வீட்டுக்கு வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் முக்காலி குமிழ்மேல் ஏறிவிடும் என்பது என் கணக்கு.

இயக்குநர் வந்தார். வீட்டு வாசலில் ஊரே நின்றது. தபால்காரர்கூட எங்கேயோ குளித்துவிட்டு வந்திருந்தார். கோட்டைப் போட்டுப் பார்த்தார் இயக்குநர், கச்சிதமாக இருந்தது. பேசத் தயாராகிப் பையைத் தடவியவர், "என் பேச்சு ஆபீஸ் மேசையில இருக்கு. டிரைவர், போய் எடுத்துட்டு வா," என்றார்.

டிரைவர் திரும்பிப் போனால் நேராகக் குமிழ்மேல்தான் கொண்டுபோய் நிறுத்துவான். அங்கே முக்காலியைப் பார்த்தால் தூக்கி ஓரமாக வைக்கச் சொல்வான். என் வீடு மறுபடியும் ஆற்றுக்குள் போய்விடும். பேச்சு முடிந்த பிறகுதான் சர்வேயர் கம்பையே நடுவார்.

டிரைவர் காரைக் கிளப்பினான். அந்த நேரம் பார்த்து என் கணவரின் வேன் வளைவிலிருந்து வந்து, பாதைக்குக் குறுக்கே நின்று, இருமி, அணைந்தது. அவர் இறங்கினார், முழங்கால் வரை மடித்த கால்சட்டையோடு.

"மன்னிச்சுக்குங்க சார். வண்டி நின்னுடுச்சு. நகர மாட்டேங்குது."

"நிலமே நகருது, உங்க வண்டி நகராதா?" என்றார் இயக்குநர்.

"நிலத்துக்கு கிளட்ச் இல்லைங்க சார்," என்றார் என் கணவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய். அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியத்தை இந்த வயதில் வெளியே சொல்ல முடியாது.

எழுதிவைத்த பேச்சு இல்லாததால் இயக்குநர் மனதில் இருந்ததையே பேச வேண்டியதாயிற்று. "அந்த மலையைப் பாருங்க. அங்க ஒரு ரிப்பீட்டர் இருக்கு. மேல இருந்து வர்றதை அப்படியே கீழ சொல்லும். யோசிக்காது, கேள்வி கேக்காது. நான் இந்தப் பதவிக்கு வந்ததும் அப்படித்தான். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் சொந்தமா எதையும் சொன்னதில்லை. அதனாலதான் என் சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி கிடையாது." எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.

பிறகு சர்வேயர் கம்பை எடுத்துக்கொண்டு வீட்டின் நான்கு மூலைக்கும் போனார். ஒவ்வொரு மூலையிலும் கருவி கீச்சென்று ஒலித்தது. முடித்துவிட்டுத் திரையை இயக்குநரிடம் நீட்டினார். பின்னணி வரைபடத்தில் நான்கு சிவப்புப் புள்ளிகளும் சரிவில், கரையிலிருந்து இருபத்துநாலு மீட்டர் இந்தப் பக்கம், அழகாக உட்கார்ந்திருந்தன.

"சார்," என்றார் சர்வேயர். "வீடு தரைக்கு வந்துடுச்சு."

இயக்குநர் திரையைப் பார்த்தார். ஆற்றை எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"நான் நேர்ல வந்ததும் நிலம் தன் இடத்துக்குப் போயிடுச்சு," என்றார். "பாத்தீங்களா, மேற்பார்வைன்னா இதுதான்."

நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. தையல் மேசையில் தயாராக வைத்திருந்த விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டினேன். "அதை இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். நீங்க போனதும் மறுபடி நகர்ந்துட்டா?"

அந்த நியாயம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. போட்டார்.

மறுவாரம் பேக்கரிக்கும் தபால்காரர் வீட்டுக்கும் போனார். அவர் கால் வைத்த இடமெல்லாம் நிலம் அடக்கமாகத் திரும்பி வந்தது. சர்வேயர் ஒரு குறிப்பு எழுதினார், அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே தைரியமான குறிப்பு: இயக்குநர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களில் நிலம் நகர்கிறது, வெளியே இருக்கும் நாட்களில் சரியாக இருக்கிறது. அதைத் தனக்குக் கிடைத்த புகழாக எடுத்துக்கொண்டு, இயக்குநரே உத்தரவு போட்டார். இனி அளவீடு நடக்கும் நாட்களில் இயக்குநர் அலுவலகத்துக்கு வரக் கூடாது. அளவீடு தினமும் நடக்கிறது. அவர் வருவதே இல்லை. காவலாளி தினமும் குமிழைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். அந்தத் துறையில் எல்லா வேலையும் இப்போது சரியாக நடக்கிறது என்று ஊரில் பேச்சு.

எனக்குக் கடைசிக் கடிதம் இதற்கெல்லாம் முன்பே, முப்பதாம் நாள் வந்தது. அதே நல்ல தாள், அதே புழுக் கையெழுத்து. கணவர் வாசலிலேயே நின்று சத்தமாகப் படித்தார்.

"தாங்கள் குறித்த காலக்கெடுவுக்குள் குடியிருப்புடன் ஆற்றை விட்டு வெளியேறியமைக்குத் துறை தன் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது."

இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு குனிந்து, ஒரு மாதமாக மடித்துவிட்டிருந்த கால்சட்டையை ஒவ்வொரு காலாக இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார்.